26 லட்சம் டாலர் கொண்டுவந்த ஒரு மின்னஞ்சல்: ஒபாமா பிரச்சாரக் குழுவின் சோதனை முறை, ஒரு நிகழ்வு ஆய்வு

2012 ஜூன் 26 அன்று பராக் ஒபாமாவின் மறுதேர்தல் பிரச்சாரக் குழு தன் ஆதரவாளர்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பியது. சப்ஜெக்ட் வரி ஆங்கிலத்தில் நான்கே சொற்கள். தமிழில் சொன்னால், 'என்னைவிட அதிகம் செலவழிக்கப் போகிறார்கள்'. அந்த ஒரு மடலுக்கு வந்த நன்கொடை 26 லட்சம் டாலரைத் தாண்டியது.

அதே நாளுக்காகத் தயாரான இன்னொரு மடலின் சப்ஜெக்ட் வரி: 'கருத்துக்கணிப்புகள் சரியாகச் சொன்ன ஒரே விஷயம்…'. எழுத்துத் தொழிலில் இருப்பவர்களிடம் இரண்டையும் நீட்டினால் பலர் இதைத்தான் எடுப்பார்கள். ஆவலைக் கிளப்புகிறது, பாதியில் நிறுத்துகிறது, திறந்து பார்க்கத் தோன்றுகிறது. சோதனையில் இதற்குக் கடைசி இடம். முழுப் பட்டியலுக்கும் இதை அனுப்பியிருந்தால் 4,03,603 டாலர்தான் வந்திருக்கும் என்று கணக்கு சொன்னது. வென்ற மடலுக்கு அதே கணக்கு காட்டிய தொகை 25,40,866 டாலர். எழுதியது ஒரே குழு, வாசிப்பது ஒரே பட்டியல், கேட்பதும் நன்கொடைதான். இடைவெளி ஆறு மடங்கு.

இந்த ஆறு மடங்கை 'நல்ல சப்ஜெக்ட் வரியின் மகிமை' என்று சுருக்கிவிடுவது வழக்கம். ஆனால் அந்த நல்ல வரி எது என்று எழுதியவர்களுக்கே முன்கூட்டித் தெரியவில்லை. இந்த நிகழ்வில் பார்க்க வேண்டியது, தெரியாது என்பதை ஏற்றுக்கொண்டு அதற்கேற்ப வேலையை அமைத்த விதம்தான்.

குழுவும் பட்டியலும்

மின்னஞ்சல் பிரிவுக்கு டோபி ஃபால்ஸ்கிராஃப் இயக்குநர். டிஜிட்டல் தரவுப் பகுப்பாய்வுக்கு அமீலியா ஷோவால்டர். இருவருக்கும் மேலே டிஜிட்டல் பிரிவின் தலைவராக டெடி காஃப். மடல் எழுதுவதற்கென்றே சுமார் 20 பேர் இருந்தார்கள். அந்தத் தேர்தலில் ஒபாமா தரப்பு இணையம் வழியே திரட்டிய சுமார் 69 கோடி டாலரில் பெரும்பங்கு இந்த மடல்களால் வந்தது.

பட்டியல் ஒரே நாளில் வளர்ந்ததல்ல. 2008 தேர்தலுக்கான இணையதளத்தின் முகப்பில், மின்னஞ்சல் முகவரி வாங்கும் பக்கத்தை டான் சிரோக்கர் தலைமையில் சோதித்தார்கள். நான்கு வகைப் பட்டன், மூன்று படம், மூன்று வீடியோ. ஆக 24 சேர்க்கைகள். 3,10,382 பார்வையாளர்களை இவற்றுக்குச் சமமாகப் பிரித்ததில் ஒவ்வொன்றையும் ஏறக்குறைய 13,000 பேர் பார்த்தார்கள். குழுவுக்குப் பிடித்தது வீடியோ. ஆனால் மூன்று வீடியோக்களும் மூன்று படங்களுக்கும் பின்னால் போயின. 'பதிவு செய்க' என்ற பட்டனைவிட 'மேலும் அறிய' என்ற பட்டன் முந்தியது. பழைய பக்கத்தில் 8.26% பேர் முகவரி கொடுத்த இடத்தில், ஒபாமாவின் குடும்பப் படமும் 'மேலும் அறிய' பட்டனும் சேர்ந்த பக்கத்தில் 11.6% பேர் கொடுத்தார்கள்.

இதனால் கூடுதலாக 28.8 லட்சம் முகவரிகளும் 6 கோடி டாலரும் கிடைத்தன என்று சொல்லப்படுவதுண்டு. சதவீத உயர்வு அளந்தது. 6 கோடி டாலர் ஊகித்தது. பட்டனை மாற்றியதால் உள்ளே வந்தவரும், எப்படியும் வந்திருக்கக்கூடியவரும் ஒரே அளவு கொடுப்பார்கள் என்ற அனுமானம் அதில் ஒளிந்திருக்கிறது. தயங்கித் தயங்கிச் சேர்ந்தவர் பொதுவாகக் குறைவாகத்தான் கொடுப்பார்.

சோதனை நடந்த முறை

ஒரு பெரிய நன்கொடை மடலுக்கு நான்கு முதல் ஆறு வரைவுகள் எழுதப்படும். வெவ்வேறு ஆட்கள், வெவ்வேறு வாதங்கள். ஒவ்வொரு வரைவுக்கும் சில சப்ஜெக்ட் வரிகள். இரண்டையும் பெருக்கினால் 18 வடிவங்கள் வரை போகும். பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் சிறு சிறு குழுக்களைப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு வடிவம் போகும். நன்கொடை வரும் வேகத்தைப் பார்த்து, முந்தி நிற்கும் வடிவத்தை மீதிப் பட்டியல் முழுவதற்கும் அனுப்புவார்கள்.

ஜூன் 26 சோதனையில் சப்ஜெக்ட் வரிகளும் அவற்றுக்குக் கணித்த தொகைகளும் பின்னர் வெளியாயின. இரண்டாம் இடம் 'சில பயங்கரமான எண்கள்', 19 லட்சம் டாலர் சொச்சம். அதற்கடுத்து ஒரே சறுக்கல். 'நாம் செய்வதில் உங்களுக்கு நம்பிக்கை இருந்தால்…' 9.1 லட்சம். 'கடைசி அழைப்பு: மிஷேலுடனும் என்னுடனும் சேருங்கள்' 8.9 லட்சம் (மிஷேல், ஒபாமாவின் மனைவி). 'உங்களைச் சந்திக்க ஆசை' 7.5 லட்சம். 'மாற்றம்' 7.1 லட்சம். 2008 பிரச்சாரமே அந்தச் சொல்லின் மேல்தான் நின்றது. நான்கு ஆண்டு கழித்து அது பட்டியலின் கீழ்ப்பாதிக்குப் போய்விட்டது. 'ஒவ்வொரு நாளும் நன்றியுடன்' 5.4 லட்சம்.

முதல் இரண்டு இடங்களும் கெட்ட செய்திக்கு. நம்பிக்கை, நன்றி, அழைப்பு எல்லாம் அதற்குக் கீழே. இதை வைத்து 'பயமுறுத்தினால் பணம் வரும்' என்று சூத்திரம் எழுதிக்கொண்டவர்கள் அடுத்த பத்தாண்டில் அமெரிக்க அரசியல் மின்னஞ்சலை என்ன ஆக்கினார்கள் என்பது அந்தப் பட்டியல்களில் இருப்பவர்களுக்குத் தெரியும்: தினம் ஒரு 'இறுதி எச்சரிக்கை', நீங்கள் கொடுப்பதற்கு ஐந்து மடங்கை இன்னொருவர் சேர்ப்பார் என்று சொல்லி, அவர் யார் என்றே தெரியாத 'ஐந்து மடங்கு இணைத்தொகை'. ஜூன் 26 மடலில் பயம் இருந்தது, ஆனால் அது பொய்யாக இல்லை. அந்த மே மாதத்தில் ஒபாமாவை எதிர்த்துப் போட்டியிட்ட மிட் ராம்னியின் தரப்பும் குடியரசுக் கட்சியும் சேர்ந்து 7.68 கோடி டாலர் திரட்டியிருந்தன. ஒபாமா தரப்பும் ஜனநாயகக் கட்சியும் சேர்ந்து சுமார் 6 கோடி. செய்தித்தாளில் எல்லாரும் படித்த விஷயம். சப்ஜெக்ட் வரி அதைத் தன் வாயால் ஒப்புக்கொண்டது, அவ்வளவுதான்.

இந்தச் சோதனையை மேற்கோள் காட்டுவோர் வழக்கமாக விட்டுவிடும் ஒன்று உண்டு. குழுவின் முறையில் சப்ஜெக்ட் வரியோடு மடலின் உள்ளடக்கமும் சேர்ந்தே மாறியது. ஆகவே 25 லட்சத்துக்கும் 4 லட்சத்துக்கும் உள்ள வித்தியாசம் முழுவதையும் தலைப்பின் கணக்கில் எழுத முடியாது. சப்ஜெக்ட் வரி மடலைத் திறக்க வைக்கும். பணத்தைக் கேட்பது உள்ளே இருக்கும் வாதம். இரண்டில் எது எவ்வளவு இழுத்தது என்று அறிய வேண்டுமானால், ஒரே மடலுக்கு வெவ்வேறு தலைப்பு, ஒரே தலைப்புக்கு வெவ்வேறு மடல் என்று கட்டம் போட்டு அனுப்ப வேண்டும்.

மடலின் உள்ளே

நிலைமை இப்படியே போனால், நவீன கால வரலாற்றில் எதிராளியைவிடக் குறைவாகச் செலவழித்து மறுதேர்தலைச் சந்திக்கும் முதல் அதிபர் நான்தான் என்று மடல் தொடங்குகிறது. வணக்கம், நலம், வானிலை எதுவும் கிடையாது. சப்ஜெக்ட் வரி எதைச் சொன்னதோ அதையே முதல் வாக்கியம் விரிக்கிறது. இன்பாக்ஸில் சப்ஜெக்ட் வரிக்குப் பக்கத்தில் மடலின் முதல் சில சொற்களும் மங்கலாகத் தெரியும். அங்கே 'இம்மடல் சரியாகத் தெரியவில்லையெனில் இங்கே சொடுக்கவும்' என்று விட்டுவைக்கும் கடைகள் இன்றும் இருக்கின்றன. வாடகை கொடுத்து எடுத்த கடையின் முகப்பில் செங்கல்லை அடுக்கி வைப்பதற்கு ஒப்பு.

அடுத்த பகுதி காரணம். எங்கள் பணத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு 1,000 டாலருக்குக் குறைவாகக் கொடுத்தவர்களிடமிருந்து வந்தது. எதிர்த்தரப்புக்கு முக்கால் பங்குக்கு மேல் 1,000 டாலரும் அதற்கு அதிகமும் கொடுத்தவர்களிடமிருந்து வந்தது. இந்த ஒப்பீடு இரண்டு வேலை செய்கிறது. பின்தங்கியதற்கு விளக்கம் தருகிறது. கூடவே, படிப்பவரை 'குறைவாகக் கொடுத்தாலும் நீதான் இந்தப் பக்கம்' என்று ஒரு தரப்பில் நிறுத்துகிறது. அந்தத் தரப்பில் நின்றபின் சின்னத் தொகை கொடுப்பதில் கூச்சம் இல்லை.

பிறகு ஒரு எல்லைக்கோடு. கொஞ்சம் குறைவாகச் செலவழித்தும் வெல்லலாம், ஒன்றுக்குப் பத்து என்றால் முடியாது. இது இல்லாவிட்டால் மடல் புலம்பலாக முடிந்திருக்கும். தோற்றுவிடுவோம் என்று சொன்னால் யாரும் பணம் போட மாட்டார்கள். ஜெயித்துவிட்டோம் என்று சொன்னாலும் போட மாட்டார்கள். போட்டால்தான் நடக்கும் என்ற இடைவெளியில் படிப்பவரை நிறுத்த வேண்டும்.

கடைசியில் கோரிக்கை: 3 டாலர் அல்லது அதற்கு மேல். ஜனாதிபதியோடும் மிஷேலோடும் இரவு விருந்துக்கான குலுக்கல், இன்றே கடைசி நாள் என்ற தகவல். விருந்து சப்ஜெக்ட் வரிக்கு வரவில்லை, உள்ளே துணையாக மட்டும் வருகிறது. விருந்தையும் சந்திப்பையும் தலைப்பில் தூக்கிப் பிடித்த வடிவங்கள் நடுவிலும் கீழேயும் தங்கியதைப் பார்த்தோம். பரிசைச் சொல்லி அழைத்தால் பரிசுக்காக வருபவர் வருவார். காரணத்தைச் சொல்லி அழைத்துப் பரிசைக் கடைசியில் வைத்தால், கொடுக்கலாமா என்று யோசிப்பவரை இன்றே கொடுக்க வைக்கும்.

3 டாலர் என்ற தொகையும் தற்செயல் அல்ல. முதல் முறை கொடுப்பவரைத் தாண்ட வைக்கும் படி அது. ஏற்கனவே கொடுத்தவர்களிடம் அதே 3 டாலரைக் கேட்டால் நஷ்டம். 50 டாலர் கொடுத்துப் பழகியவரும் 3 டாலரோடு நிறுத்திக்கொள்ளக்கூடும். அதனால்தான் நிதி திரட்டும் மடல்களில், ஒவ்வொருவரும் இதுவரை ஒரே தடவையில் கொடுத்த உச்சத் தொகையைப் பார்த்து, அதையொட்டிக் கேட்கும் தொகையை மாற்றுவார்கள்.

'ஹே'யும் மஞ்சள் கோடும்

தேர்தல் காலம் முழுவதையும் எடுத்துக்கொண்டால் சிறப்பாக வேலை செய்த சப்ஜெக்ட் வரி 'ஹே' (நண்பரை அழைக்கும் ஆங்கிலச் சொல்) என்று ஃபால்ஸ்கிராஃப் பின்னர் சொன்னார். ஒரே சொல். நண்பரோ சக ஊழியரோ அனுப்பும் மடலில் இருக்கக்கூடிய வரிகள்தான் நன்றாக ஓடின என்பதும் அவர் கணிப்பு.

இதைப் பார்த்துச் சிறு வியாபாரிகள் 'ஹாய்', 'ஒரு நிமிஷம்' என்று அனுப்பத் தொடங்குவதில் ஒரு பிசகு இருக்கிறது. சப்ஜெக்ட் வரி தனியாக நிற்பதில்லை, அதற்கு முன்னால் அனுப்புநர் பெயர் நிற்கிறது. 'பராக் ஒபாமா: ஹே' என்றால் அது ஒரு நிகழ்ச்சி. பெயரே தெரியாத கம்பெனி 'ஹே' என்றால் அது தொல்லை, விரல் நேரே ஸ்பேம் பட்டனுக்குப் போகும். அனுப்புநர் பெயரின் கனம் எவ்வளவோ அவ்வளவுதான் சப்ஜெக்ட் வரியைச் சுருக்க முடியும். குழு அனுப்புநர் பெயரையும் மாற்றி மாற்றிச் சோதித்தது. வசந்த காலத்தில் மிஷேல் ஒபாமா பெயரில் போன மடல்கள் நன்றாக வாங்கின. சில சமயம் பிரச்சார மேலாளர் ஜிம் மெசினாவின் பெயர், துணை அதிபர் ஜோ பைடனின் பெயரைவிட அதிகம் கொண்டுவந்தது.

அழகான வடிவமைப்பும் எதிர்பார்த்த பலன் தரவில்லை. எவ்வளவு அசிங்கமாகத் தெரிகிறதோ அவ்வளவு நன்றாக ஓடுகிறதா என்று பார்ப்பதற்காகவே சில பத்திகளைக் கண்ணைக் குத்தும் மஞ்சள் நிறத்தில் அடிக்கோடிட்டு அனுப்பினார்கள். ஓடியது. சில காலம் கழித்து அந்தப் புதுமை தேய்ந்து மஞ்சளுக்கு மவுசு போயிற்று. லேசான வசவுச் சொல் கலந்த தலைப்பும் இப்படித்தான்: எடுபட்டது. சோதனையில் வென்றது எதையும் நிரந்தர விதியாகச் சுவரில் எழுதி வைக்க முடியாது. இரண்டு மாதம் கழித்து அதையே திரும்பச் சோதிக்க வேண்டும்.

எந்த மடல் வெல்லும் என்று அலுவலகத்துக்குள் பந்தயம் கட்டிப் பார்த்ததில், அனுபவம் மிக்கவர்களின் ஊகங்கள் தொடர்ந்து பொய்த்தன. 20 பேர் முழுநேரமாக இதையே செய்யும் இடத்தில் இந்த நிலை என்றால், முதலாளிக்குப் பிடித்த தலைப்பை அனுப்பும் இடத்தில் என்ன ஆகும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கிளிக்குக்குப் பிறகு

மடல் 26 லட்சம் டாலர் கொண்டுவந்தது என்றால், அந்தப் பணத்தை வாங்கியது மடல் அல்ல, நன்கொடைப் பக்கம். 20 மாதத்தில் குழு தன் இணையப் பக்கங்களில் சுமார் 500 ஏ/பி சோதனைகள் (இரண்டு வடிவங்களை வெவ்வேறு ஆட்களுக்குக் காட்டி ஒப்பிடுவது) செய்தது. நன்கொடைப் பக்கத்தில் கொடுப்போர் விகிதம் 49% கூடியது, பதிவுப் பக்கத்தில் சேர்வோர் விகிதம் 161%. பக்கம் திறக்கும் நேரத்தை 60% குறைத்ததற்கு மட்டும் 14% உயர்வு. நீளமான ஒரே படிவத்தை நான்கு சிறு படிகளாக உடைத்தார்கள்: முதலில் தொகை, பிறகுதான் பெயரும் முகவரியும் அட்டை விவரமும். தொகையைத் தேர்ந்தெடுத்துவிட்டவர் பாதியில் விட்டுப் போக யோசிப்பார். அதற்கு 5%.

அட்டை விவரத்தைச் சேமித்து வைத்தவர் மடலிலேயே ஒரு கிளிக்கில் கொடுத்துவிடும் 'குவிக் டொனேட்' வசதியும் இருந்தது. அதில் சேர்ந்தவர்கள் மற்றவர்களைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு கொடுத்தார்கள் என்று சொல்லப்பட்டது. இந்த எண்ணை அப்படியே விழுங்கக் கூடாது. அட்டையைச் சேமித்து வைக்க முன்வருபவர் ஏற்கனவே தீவிர ஆதரவாளர்; வசதி இல்லாவிட்டாலும் அவர் அதிகம் கொடுத்திருப்பார். வசதியால் வந்தது எவ்வளவு என்று அறிய, அந்த வாய்ப்பைப் பாதிப் பேருக்கு மட்டும் குலுக்கல் முறையில் காட்டிப் பார்க்க வேண்டும்.

அடிக்கடி அனுப்பினால்

அதிகம் அனுப்பினால் ஆட்கள் விலகிவிடுவார்கள் என்ற பயம் எல்லாரிடமும் உண்டு. குழு அதையும் சோதித்தது: ஒரு பகுதிக்கு மடல்களைக் கூட்டியது, மற்றதற்கு வழக்கமான அளவு. விலகியவர்களால் வந்த இழப்பு, கூடுதல் மடல்களால் வந்த வரவுக்கு முன் பொருட்படுத்தத்தக்கதாக இல்லை.

இந்த முடிவைக் கடைக்காரர் காப்பியடித்தால் கெடுவார். அந்தப் பட்டியலுக்கு 2012 நவம்பர் 6 என்று ஒரு கெடு இருந்தது. நவம்பர் 7 அன்று சலித்துப்போய் விலகுபவரால் அந்தத் தேர்தலுக்கு நஷ்டமில்லை. பத்து ஆண்டு கடை நடத்த வேண்டியவருக்கு வாடிக்கையாளரின் பொறுமைதான் மூலதனம். விலகுபவர் எண்ணிக்கை முழு நஷ்டத்தையும் காட்டாது. விலகாமல், திறக்காமல், மடல்களைக் குப்பையில் தள்ளிக்கொண்டே இருப்பவர்தான் பெரும்பகுதி. அமெரிக்காவின் 2003-ஆம் ஆண்டு ஸ்பேம் தடுப்புச் சட்டம் வணிக மடல்களுக்குத்தான் பொருந்தும், அரசியல் மடல்களுக்கு அல்ல என்பதையும் மறக்கக் கூடாது. வணிக மடலில் ஏமாற்றும் சப்ஜெக்ட் வரி கூடாது, அஞ்சல் முகவரி இருக்க வேண்டும், விலகக் கேட்டவரை 10 வேலை நாட்களுக்குள் விடுவிக்க வேண்டும்.

சிறிய பட்டியலில் எது செல்லும்

லட்சக்கணக்கான முகவரிகள் இருந்ததால்தான் 18 வடிவங்களைச் சோதிக்க முடிந்தது. 6,000 முகவரி வைத்திருப்பவருக்கு அந்தக் கணக்கு வேறு. வழக்கமாக 2% பேர் கிளிக் செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அது 2.5% ஆக உயர்வதை நம்பும்படி கண்டுபிடிக்க, ஒவ்வொரு வடிவத்துக்கும் சுமார் 14,000 பேர் தேவை. 3% ஆக உயர்வதைக் காண சுமார் 3,800 பேர். 4% ஆக, அதாவது இரு மடங்காக உயர்வதைக் காண சுமார் 1,150 பேர். இவை 95% நம்பகத்துக்கும், உண்மையான வித்தியாசத்தை ஐந்தில் நான்கு முறை பிடிப்பதற்குமான கணக்கு.

வடிவத்துக்கு 500 பேர் என்று பிரித்து அனுப்பி, ஒன்றுக்கு 10 கிளிக், மற்றதற்கு 15 கிளிக் வந்தால் 'ஐம்பது சதவீத உயர்வு' என்று குதிக்கத் தோன்றும். அந்த ஐந்து பேர் காற்றில் வந்தவர்கள். அடுத்த முறை திருப்பி விழும்.

ஆகவே 6,000 பேர் பட்டியலில் இரண்டே வடிவம், அதுவும் ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில் இருப்பவை. 'தள்ளுபடி' என்பதை 'சலுகை' என்று மாற்றிச் சோதிப்பது வீண்வேலை. ஒரு மரச்செக்கு எண்ணெய்க் கடை என்றால், 'தீபாவளிச் சிறப்புத் தள்ளுபடி 10%' என்று ஒன்று. 'திங்கட்கிழமை எள் ஆட்டுகிறோம், 200 லிட்டர் வரும்' என்று இன்னொன்று. முதலாவது விலை பேசுகிறது. இரண்டாவதில் நாள் இருக்கிறது, அளவு இருக்கிறது, தீர்ந்துவிடும் என்பது சொல்லாமலே தெரிகிறது. வித்தியாசம் இருந்தால் அது பெரிதாக இருக்கும், சிறு பட்டியலிலும் கண்ணுக்குப் படும். 200 லிட்டர் என்பது உண்மையாக இருக்க வேண்டும். செவ்வாய்க்கிழமையும் கடையில் அதே எண்ணெய் கிடைத்தால் அடுத்த மடலை யாரும் நம்ப மாட்டார்கள்.

சிறிய வித்தியாசங்களை அறிய வேறு வழி, ஒரே கேள்வியைத் தொடர்ந்து கேட்பது. நீள மடலா, குட்டை மடலா என்பதை எட்டு மடல்களில் தொடர்ச்சியாகச் சோதித்து, ஒவ்வொரு முறையும் ஆட்களைப் புதிதாகக் குலுக்கிப் பிரித்து, எட்டின் கூட்டுத்தொகையைப் பார்க்கலாம். குலுக்கிப் பிரிப்பது என்றால் உண்மையிலேயே குலுக்குவது. பட்டியலின் மேல்பாதி, கீழ்ப்பாதி என்று வெட்டினால் மேலே பழைய வாடிக்கையாளர், கீழே புதியவர் என்றாகிவிடும். சோதிப்பது மடலையா, ஆட்களையா என்று தெரியாது. இரண்டு வடிவங்களும் ஒரே நேரத்தில் போக வேண்டும். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்றால் அது நேரத்தைச் சோதிப்பது.

விற்பனைத் தொகையை அளவுகோலாக வைக்கும்போதும் கவனம் தேவை. கல்யாணத்துக்கு 40 லிட்டர் வாங்கும் ஒருவர் எந்த வடிவத்தின் பக்கம் விழுந்தாரோ அது ஜெயித்துவிடும். சிறு பட்டியலில் வாங்கியவர்களின் தலைகளை எண்ணுவது தொகையை எண்ணுவதைவிட நிலையானது. பத்தில் ஒரு பங்கு ஆட்களுக்கு அந்த மடலையே அனுப்பாமல் விட்டு, அவர்களும் எப்படியும் வாங்குகிறார்களா என்று சில மாதம் பார்ப்பது இன்னும் நல்லது. மடலால் வந்த விற்பனை என்று மென்பொருள் காட்டுவதில் எவ்வளவு மடல் இல்லாமலும் வந்திருக்கும் என்பது அப்போது தெரியும். பலருக்குப் பிடிக்காத பதில் வரும்.

2012-க்குப் பின் மாறியவை

அந்த மடல்கள் போய்ச் சேர்ந்த இன்பாக்ஸ் இன்று இல்லை. 2013 மே மாதம் ஜிமெயில், விளம்பர மடல்களுக்குத் தனித் தாவல் கொண்டுவந்தது. 2021 செப்டம்பரில் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 15 வந்தபோது ஆப்பிளின் மெயில் செயலி, மடலில் உள்ள படங்களைப் பயனர் திறக்கும் முன்பே தானாக இறக்கிவைக்கத் தொடங்கியது. மடல் திறக்கப்பட்டதா என்பதைக் கண்ணுக்குத் தெரியாத ஒரு படத்தை வைத்துத்தான் எல்லா மென்பொருளும் கண்டுபிடிக்கின்றன. எனவே திறப்பு விகிதம் இன்று வீங்கிய எண். அதை வைத்து சப்ஜெக்ட் வரிகளில் எது வென்றது என்று முடிவெடுக்கக் கூடாது. கிளிக்கையோ, வாங்கியவர்களையோ எண்ண வேண்டும். ஒபாமா குழு அப்போதே நன்கொடையைத்தான் எண்ணியது.

2024 பிப்ரவரி முதல், ஒரு நாளில் 5,000-க்கு மேல் ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்புபவர்களுக்கு எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும் கட்டாயம். முதலாவது, உங்கள் டொமைன் பெயரில் எந்த சர்வர்கள் அனுப்பலாம் என்ற பட்டியல். இரண்டாவது, மடலின் மேல் போடும் மின்கையொப்பம். மூன்றாவது, இரண்டும் பொய்த்தால் மடலை என்ன செய்வது என்று பெறுபவருக்குச் சொல்லும் குறிப்பு. கூடவே ஒரே கிளிக்கில் விலகும் வசதியும், கேட்ட இரண்டு நாளுக்குள் விடுவிப்பதும். ஸ்பேம் என்று புகார் செய்வோர் 0.3% ஐத் தொடக் கூடாது, 0.1% க்குக் கீழே வைத்திருப்பது நல்லது என்கிறது கூகுள். 6,000 மடலில் 0.1% என்றால் ஆறு பேர். 0.3% என்றால் பதினெட்டு. விலகும் பட்டனைச் சாம்பல் நிறத்தில் பொடி எழுத்தில் ஒளித்து வைத்தால், அந்தப் பதினெட்டுப் பேரை நாமே சேர்த்துவிடுகிறோம்: விலக வழி தெரியாதவர் ஸ்பேம் பட்டனை அழுத்துவார்.

தமிழில் அனுப்புபவர்களுக்கு இதோடு ஒரு தனிச்சிக்கல். சப்ஜெக்ட் வரியில் ஆங்கிலம் அல்லாத எழுத்துகள் நேரடியாகப் போவதில்லை, குறியீடாக்கித் துண்டு துண்டாகப் போகின்றன. ஒரு துண்டு 75 குறிகளுக்கு மேல் இருக்கக் கூடாது. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட். அதை ஆங்கில எழுத்துகளும் எண்களுமாக மாற்றும் பேஸ்64 முறையில் நான்கு குறி. துண்டின் தலையும் வாலும் 12 குறிகளை எடுத்துக்கொள்ள, மிச்சத்தில் 15 தமிழ்க் குறிகள்தான் அடங்கும். 'கொ' என்பதே இரண்டு குறி. ஆக, கொஞ்சம் நீண்ட தமிழ்த் தலைப்பு எதுவும் இரண்டு மூன்று துண்டாகத்தான் போகும். பெரிய சேவைகள் இதைச் சரியாகச் செய்துவிடும். சொந்தமாக எழுதிய நிரல், ஓர் எழுத்தின் மூன்று பைட்டுக்கு நடுவில் வெட்டிவிட்டால், தலைப்பின் நடுவே கேள்விக்குறியோ கட்டமோ விழும். நிரல் எழுதியவர் ஆங்கிலத் தலைப்பில் சோதித்திருப்பார், தப்பு தெரிந்திருக்காது. முழுப் பட்டியலுக்கு அனுப்பும் முன், 40 எழுத்துக்குக் குறையாத தமிழ்த் தலைப்போடு ஜிமெயில், அவுட்லுக், ஒரு பழைய ஆண்ட்ராய்டு போன், ஒரு ஐபோன் நான்குக்கும் அனுப்பிப் பார்க்க வேண்டும். தமிழ் எழுத்து அகலம் கூடியது என்பதால் போனில் முதல் மூன்று நான்கு சொற்கள்தான் தெரியும். அந்த எண்ணெய்க் கடையின் தலைப்பில் 'திங்கட்கிழமை எள் ஆட்டுகிறோம்' என்பது முன்னாலும் '200 லிட்டர்' என்பது பின்னாலும் இருப்பது அதனால்தான். பின்பாதி வெட்டுப்பட்டாலும் என்ன விஷயம் என்று தெரிந்துவிடும்.